மெய்நிகர்ப் பொறியும் தீவக மாணவரும்

நமது கல்லூரியின் யூபிலி நிதியிலிருந்து கணினிக் கல்விக்கு யாது செய்யலாம் என்னும் ஆலோசனை பழைய மாணவர் சங்கத்திலே சில திங்களாக நிகழ்ந்து வருகின்றது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் அன்பர் சிலர், வெளிநாட்டு நிறுவனமொன்றின் முகிற் சேவைக்கு ஆண்டுதோறும் சந்தா கட்டிவிடலாம் என்றும், மாணவர் தத்தம் பயிற்சிகளை அங்கேயே செய்துகொள்வர் என்றும், கல்லூரியிலே வலுவான கணினி எதுவும் வேண்டியதில்லை என்றும் எழுதியுள்ளனர். அவர்தம் அன்பிலும் வள்ளன்மையிலும் எவர்க்கும் ஐயமில்லை. ஆயினும் அவ்வழி நமது தீவகத்துக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து. மாணவர் பயிலுமிடம் கல்லூரியின் சொந்தக் கணினியாகவே இருத்தல் வேண்டும். பயின்று செய்தவற்றைக் கடல் கடந்துள்ளார்க்குக் காட்டும் பொழுதுக்கு மாத்திரம் முகிலிலே இடம் வாடகைக்குப் பெறலாம். இவ்விரண்டையும் இணைக்கும் கருவியே மெய்நிகர்ப் பொறி. அதனைக் குறித்தே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

தமிழாசிரியன் ஒருவனுக்கு இதில் என்ன அலுவல் எனச் சிலர் வினவக்கூடும். பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரத்திலே கணினியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது மெய்யே. தீவகப் பாடசாலைகளின் நிலையை அறிந்தவரோ அவ்வினாவை எழுப்பார். குடாநாட்டிலிருந்து வந்து போகும் ஆசிரியர் மாற்றலாகிச் செல்லுந்தோறும் அவர் கையிலிருந்த திறவுகோல் எஞ்சி நிற்போர் எவர்க்கேனும் வந்து சேரும். கணினி அறையின் திறவுகோல் அவ்வாறே என்னிடம் வந்தது. அன்றியும், கணினியிலே தமிழாசிரியனே தீர்த்தற்குரிய காரியங்களும் உள என்பதைப் பின்னர்க் காட்டுவேன்.

நெடுந்தீவுக்குச் சென்றோர் அங்குள்ள முருகைக்கல் வேலிகளைக் கண்டிருப்பர். நிலம் ஒன்று, அதன்மேற் பெய்யும் மழையும் ஒன்று. கல்லை அடுக்கி வேலி கட்டியவுடன் ஒவ்வொரு வளவும் தனித்தனி ஆட்சிக்கு உட்பட்டுவிடுகின்றது. ஒரு வளவினுள்ளே ஆடு புகுந்து பயிரை மேய்ந்தால் அயல் வளவுக்கு இழப்பில்லை. மெய்நிகர்ப் பொறியும் இத்தகையதே. ஒரு கணினியின் முறைவழியாக்கி, நினைவகம், வன்வட்டு ஆகியவற்றை மென்பொருளொன்று பங்கிட்டுக் கொடுக்கின்றது. ஒவ்வொரு பங்கினுள்ளும் தனித்தனிப் பணிசெயல் முறைமை நிறுவப்பட்டு, தன்னை ஒரு முழுக் கணினியென்றே கருதி இயங்குகின்றது. மாணவன் ஒருவன் தன் பங்கிலே உள்ளதையெல்லாம் அழித்துவிட்டாலும் அயலிலுள்ள பங்குக்கோ அடியிலுள்ள கணினிக்கோ ஊறு நேராது. அழித்துப் பார்க்க அஞ்சாதவனே சேவையகம் ஒன்றை அமைக்கக் கற்றுக்கொள்வான், ஆசிரியர்க்கும் அச்சமில்லை.

‘மெய்நிகர்’ என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘மாயப் பொறி’ என மொழிபெயர்த்தாரும் உளர். அது பொருந்தாது. மாயையாவது உள்ளது போலத் தோன்றி இல்லாது போவது. இப்பொறியோ செய்ய வேண்டிய வேலை முழுவதையும் மெய்யாகவே செய்கின்றது. அதற்கென்று தனியே ஓர் உடம்பு இல்லை, அவ்வளவே. மெய்க்கு நிகரானது என்பதே சரி. இனி, அடியிலுள்ள கணினியை ஓம்புவோன் என்றும் உள்ளே இயங்குவதை விருந்து என்றும் ஆங்கிலத்தில் வழங்குகின்றனர். விருந்து என்னும் சொற்குப் புதுமை என்பதே பழம்பொருளாதலின், புதிதாய் வந்து தங்கும் பொறியை விருந்துப் பொறி எனத் தமிழிலும் கூசாது கூறலாம்.

இக்கருவி செல்வத்தின் விளைவாகப் பிறந்ததன்று. தட்டுப்பாட்டின் விளைவாகப் பிறந்தது. 1960களின் நடுப்பகுதியிலே ஒரு கணினியின் விலை பெருநிறுவனங்களும் அஞ்சத்தக்கதாய் இருந்தது. பயன்படுத்த விரும்பியோர் பலர், பொறி ஒன்று. அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ச் நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வு நிலையத்தினர் அவ்வொரு பொறியைப் பல பொறிகளாகக் காட்டும் மென்பொருளை ஆக்கினர். 1972ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அதனை விற்பனைக்குரிய பண்டமாகவே வெளியிட்டது. பின்பு சிறு கணினிகள் மலிந்தபோது இக்கலை சிலகாலம் மறக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டிலே வி.எம்.வெயர் என்னும் நிறுவனம் அதனை மேசைக் கணினிக்குக் கொணர்ந்தது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இன்ரெலும் ஏ.எம்.டி.யும் தத்தம் முறைவழியாக்கிகளிலேயே இதற்கான வசதியைப் பொறித்தன. 2007ஆம் ஆண்டிலே வேர்ச்சுவல்பொக்ஸ் என்னும் மென்பொருள் எவரும் விலையின்றிப் பெறத்தக்கதாய் வந்தது. லினக்ஸின் கருவினுள்ளேயே கே.வி.எம். என்னும் பகுதி சேர்ந்ததும் அதே ஆண்டில். பொறி ஒன்றும் பயில்வோர் பலருமாய் அன்றிருந்த கேம்பிரிட்சின் நிலையிலேதான் நமது கணினி அறை இன்றும் இருக்கின்றது. ஆகவே அவர்கள் கண்ட வழி நமக்கு அந்நியமானதன்று.

இனி, அமைக்கும் முறைக்கு வருவோம். நமது கணினிகளிற் பெரும்பாலானவை 8 கிகாபைற்று நினைவகம் உடையன. அதிலே ஏறத்தாழப் பாதியை ஓம்பும் கணினிக்கு ஒதுக்கிவிடல் வேண்டும். எஞ்சியதிலே 2 கிகாபைற்று வீதம் இரண்டு விருந்துப் பொறிகள் இயங்கும். சித்திரத் திரையை நீக்கி, எழுத்துக் கட்டளைகளால் மாத்திரம் இயங்கும் லினக்ஸ் சேவையகத்தை நிறுவினால் ஒரு கிகாபைற்றே பயிற்சிக்குப் போதும். நினைவகம் முழுவதையும் விருந்துக்கே வாரி வழங்கிவிட்டால் ஓம்புவோனும் விருந்தும் ஒருங்கே பட்டினி கிடக்க நேரும். வன்வட்டிலே வேறொரு பொறி வைப்பு உண்டு. வளரும் வட்டு என ஒருவகை அமைப்பு. 20 கிகாபைற்று என்று பெயரளவிற் கொடுத்தாலும் எழுதிய அளவுக்கே அது இடம் பிடிக்கும். இதனை நம்பி, 120 கிகாபைற்று வட்டிலே இருபது கிகாபைற்றுப் பொறிகள் பத்தை அமைத்துவிடுகின்றனர். முதற்றவணையில் யாவும் செவ்வனே நடைபெறும். மூன்றாந் தவணையில் வட்டு நிரம்பி எல்லாப் பொறிகளும் ஒரே நாளில் நின்றுபோம்.

விருந்துப் பொறியை நிறுவும்போது 64 துணுக்கு முறைமை பட்டியலிலேயே தோன்றவில்லை, ஆகவே கணினி பழையது, இனிப் பயனில்லை எனக் கைவிட்ட பாடசாலைகளை நான் கண்டிருக்கின்றேன். பெரும்பாலும் பழுது யாதுமில்லை. முறைவழியாக்கியிலே அவ்வசதி இருக்கும். கணினி விழிக்கும்பொழுது தோன்றும் அடிப்படை அமைப்புப் பக்கத்திலே அஃது அணைக்கப்பட்டிருக்கும். ஒரு சாவியை அழுத்தி அப்பக்கத்துட் புகுந்து அதனை இயக்கிவிடுதல் ஐந்து நிமிட வேலை. இதனை அறியாமையினால் நல்ல கணினிகள் களஞ்சிய அறைக்குச் சென்று தூசி படிந்து கிடக்கின்றன.

வலையமைப்பு மூவகைப்படும் எனச் சுருக்கமாகக் கொள்ளலாம். முதல் வகையில், விருந்துப் பொறி ஓம்புவோன் பெயராலே வெளியே சென்று வரும்; வெளியார் அதனைத் தேடி உள்ளே வரவியலாது. இரண்டாம் வகையில், கல்லூரி வலையமைப்பிலே தனக்கென ஒரு முகவரி பெற்று இன்னொரு கணினி போலவே நிற்கும். மூன்றாம் வகையில், விருந்துப் பொறிகள் தமக்குள் மாத்திரம் பேசிக்கொள்ளும். படலை முற்றாகச் சாத்தப்பட்டிருக்கும். பயிலும் மாணவனுக்கு முதல் வகையும் மூன்றாம் வகையும் போதும். ஒரு பொறியைச் சேவையகமாகவும் மற்றொன்றை அதனை நாடும் கணினியாகவும் வைத்து, இணையம் ஒரு துளியும் இல்லாத நாளிலும் இணையத்தளம் ஒன்றை முழுமையாக அமைத்துப் பார்க்கலாம்.

இணையம் இல்லாத நாள் என்றது அலங்காரத்துக்காக அன்று. சோளகம் எழுந்து கடல் கொந்தளிக்குங் காலத்திலே குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகே புறப்படாத நாள்கள் உண்டு. கைபேசிக் கோபுரத்தின் அலையோ மழைக்கும் மின்தடைக்கும் உடனே மெலிந்துபோகின்றது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திரார். அக்காலத்திலே எஞ்சிய சில மணித்தியாலங்களைப் பயன்படுத்திக் கற்றவர், தம் கையருகே பொறியை வைத்திருந்தவரே. மெய்நிகர்ப் பொறியை இயங்கும் நிலையிலேயே உறங்கவைத்து, மின் வந்தபின் விட்ட இடத்திலிருந்து எழுப்பலாம். தாங்கு மின்கலம் சில நிமிடங்கள் தாக்குப்பிடித்தாலே அதற்குப் போதும். முகிலை நம்பியவர்க்கு இங்கே மின்னும் வேண்டும், கோபுரத்திலும் மின் வேண்டும், இடையிலுள்ள இணைப்பும் பழுதின்றி இருத்தல் வேண்டும். மூன்றும் ஒருங்கே வாய்க்கும் நேரம் பாடநேரமாக இருத்தலும் வேண்டும்!

மின்சாரத்தைப் பொறுத்தமட்டில் இதே நியாயம் ஏற்கப்பட்டுள்ளது என்பதைக் கவனிக்க. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் காற்று, ஞாயிற்றொளி, மின்கலம், டீசற் பொறி ஆகியவற்றை ஒன்றுசேர்த்த கலப்பு மின்திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சிலே ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. பெருநிலத்திலிருந்தே யாவும் வந்து சேரட்டும் என்று விட்டுவிடாது, தீவிலேயே ஆக்கித் தீவிலேயே சேமிக்கும் ஏற்பாடு அது. கணினி ஆற்றலுக்கும் அவ்வழியே தகும்.

பணத்தைப் பற்றியும் பேசுதல் வேண்டும். சங்கத்தின் பொருளாளர் அதனையே முதலிற் கேட்பார். முகிற் சேவைக்குக் கட்டணம் டொலரில் விதிக்கப்படுகின்றது. 2022 மார்ச்சுத் தொடக்கத்திலே ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்தது. மே மாதத்திலே 360 ரூபாவை அண்மியது. மாணவரின் பயிற்சி யாதொரு மாற்றமுமின்றி இருக்க, கட்டணம் மாத்திரம் இரு திங்களுள் முக்காற்பங்கு கூடிற்று. வெளிநாட்டன்பர் டொலரிலேயே கட்டுவர் என்று விடை கூறலாம். அவர் கட்டுவர், எத்துணை ஆண்டுக்கு? தீவகப் பாடசாலை ஒன்றுக்கு நல்லெண்ணத்தோடு ஓராண்டுச் சந்தா அளித்த அமைப்பொன்றை நான் அறிவேன், பெயர் வேண்டா. ஆண்டு முடிந்தது, சந்தாவைப் புதுக்குவார் எவருமிலர், மாணவர் ஓராண்டாய் ஆக்கிய தளங்கள் அறிவித்தல் ஒன்றோடு அழிக்கப்பட்டன. அறிவித்தலும் ஊரைவிட்டுப் போன ஆசிரியர் ஒருவரின் மின்னஞ்சலுக்கே சென்றது. அதே தொகைக்குக் கணினி ஒன்றை வாங்கியிருந்தால் அஃது இன்றும் பழுது பார்த்துப் பயன்கொள்ளத்தக்கதாய் இருந்திருக்கும்.

முகிலுக்கு நான் பகைவனல்லன். 2006ஆம் ஆண்டிலே அமேசன் நிறுவனம் மெய்நிகர்ப் பொறிகளை மணித்தியால வாடகைக்கு விடத் தொடங்கியபோது, சிற்றூரிலிருந்து உலகுக்குக் காட்டும் ஒரு வாயில் திறந்தது. முகில் என்னும் பெயர்தான் மயக்கத்தை விளைக்கின்றது. அது வானத்தில் இல்லை. சிங்கப்பூரிலோ மும்பாயிலோ காவலும் குளிரூட்டலும் உள்ள கட்டடமொன்றிலே வேறொருவர்க்குச் சொந்தமான கணினியில் நமக்கு விடப்பட்ட ஒரு பங்கு, அவ்வளவே. கல்லூரி அறையிலுள்ள மெய்நிகர்ப் பொறிக்கும் அதற்கும் இனத்தால் வேறுபாடில்லை. வேறுபாடு உடைமையில் உள்ளது. முகிலில் வைத்தாற் பாதுகாப்பு என்னும் நம்பிக்கையும் அளவோடு இருத்தல் வேண்டும். 2023 ஓகஸ்ட் 26ஆந் திகதி இலங்கை அரசாங்கத்தின் முகிலே கப்பங் கேட்கும் தீநிரலால் தாக்குண்டது. அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிப்புற்றன. மே 17 தொடக்கம் அந்நாள் வரை வந்த கடிதங்கள் மீளப் பெறப்படவில்லை. மூலத்தோடு காப்புப்படியும் பூட்டுண்டதே காரணம். மூலம் இருக்கும் வளவிலேயே காப்புப்படியையும் வைத்தால் ஒரே தீ இரண்டையும் எரிக்கும்.

தீ என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் எழுவது வேறொன்று. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் எரிந்துபோன ஏறத்தாழ 97,000 நூல்களுள்ளே, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் இருந்தன. 1990, 1991ஆம் ஆண்டுகளிலே தீவகத்தார் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது வீடுகளிலும் பாடசாலைகளிலும் விட்டுச் சென்ற பதிவேடுகளும் மலர்களும் பெரும்பாலும் திரும்பக் கிடைத்தில. நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டத்தினர் 2005ஆம் ஆண்டு தொடக்கம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பாடசாலை மலர்களையும் படமெடுத்து எவரும் படிக்க வைத்துவருவது இவ்விழப்பை உணர்ந்தமையால். நமது கல்லூரியின் பழைய மலர்களையும் அவ்வாறு ஒருங்கு திரட்டிப் பட்டியலிட வேண்டும் என்று யூபிலிக் குழுவினர் தீர்மானித்திருப்பது மெச்சத்தக்கது. என் விண்ணப்பம், அவ்வேலையையே மாணவரின் பயிற்சிக் களமாக்குக என்பது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. நூலகம் தளமும் அதிலேயே இயங்குகின்றது. அதனைக் கல்லூரிக் கணினியிலே ஒரு மெய்நிகர்ப் பொறியுள் நிறுவி, மலர்களின் பட்டியலை மாணவர் கையாலேயே இடுவிக்கலாம்.

இங்கேதான் தமிழாசிரியன் வேலை தொடங்குகின்றது. பழைய தட்டச்சுக் கோப்புகள் பல ‘பாமினி’ எழுத்துருவில் உள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றத்தில் நேர்ந்த சிதைவுகளை ஒருவர் வரிவரியாகப் பார்த்துத் திருத்தல் வேண்டும். அதனினும் நுண்ணியது அகரவரிசை. ஒருங்குறி அட்டவணையிலே னகரம் நகரத்தை அடுத்து நிற்கின்றது. றகரம் ரகரத்தை அடுத்து நிற்கின்றது. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னே நிற்கின்றது. கணினியை அதன் போக்கில் விட்டால் அட்டவணை எண்ணைக் கொண்டே வரிசைப்படுத்தும். அப்பொழுது அனலைதீவு முன்னும் அல்லைப்பிட்டி பின்னுமாக வரும். நம் நெடுங்கணக்கிலே லகரம் முன், னகரம் ஈற்றெழுத்து. ஆதலின் அல்லைப்பிட்டியே முன்வரல் வேண்டும். அவ்வாறே ‘அம்மா’வுக்கு முன்னே ‘அமரன்’ வந்து நிற்பான். தமிழ் வரிசை அறிந்த அமைப்பை விருந்துப் பொறியிலே நிறுவிக் குறிப்பிட்டால் இக்குற்றம் நீங்கும்.

நீங்கியதென மகிழ்ந்து, அத்தளத்தைப் பரிசளிப்பு விழாவுக்காக முகிலுக்குக் கொண்டுசென்றால் என்னாகும்? முகிலிலுள்ள புதிய பொறியிலே தமிழ் வரிசை நிறுவப்பட்டிராவிடின், கல்லூரியிற் சரியாயிருந்த பட்டியல் ரொறன்ரோவிலுள்ளார் திரையிலே பிழையாகத் தோன்றும். மென்பொருளில் ஓரெழுத்தும் மாறவில்லை. அதனைச் சூழ்ந்த அமைப்பு மாறிவிட்டது. ‘என் கணினியிற் சரியாய் ஓடியதே!’ என மாணவன் திகைப்பான். இத்திகைப்பு உலகெங்கும் மென்பொருளாளர்க்கு உள்ளது. நான் மாணவர்க்கு இதனைப் பாடபேதம் என்றே சொல்லிக் கொடுக்கின்றேன். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்தற்கு எத்தனை ஏடுகளை ஒப்புநோக்கினார் என்பதை அறிந்த மாணவனுக்கு, இரண்டு சேவையகங்களின் வேறுபாட்டை நிரல்படக் குறித்து ஆராய்தல் புதுமையாகத் தோன்றாது.

பாடபேதத்தை ஒழிக்கும் வழி, பொறியைக் கையால் அமைக்காது எழுத்தால் அமைத்தல். எந்த முறைமை, எந்தப் பதிப்பு, எத்துணை நினைவகம், எந்த மென்பொருட் பொதிகள், எந்த மொழியமைப்பு என்பனவற்றைச் சிறு கோப்பொன்றில் எழுதிவைத்தால், வேக்ரன்ற் போன்ற கருவி அதனைப் படித்துப் பொறியைத் தானே எழுப்பும். நிறுவற் கட்டளைகளை அதே கோப்பிலிருந்து முகிற் பொறிக்கும் கொடுக்கலாம். மூன்று பக்கத்துக்கு மேற்படாத அக்கோப்பே உண்மையான சொத்து. பொறி அழிந்தாலும் மீளவும் எழுப்பலாம். கோப்பினுள் எழுதும் விளக்கக் குறிப்புகள் தமிழிலே இருத்தல் வேண்டும் என்பது என் பிடிவாதம். எழுதிய மாணவன் பல்கலைக்கழகம் சென்றபின் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதனைப் படித்து விளங்கிக்கொள்வதற்கு வேறு வழி யாது?

சில நடைமுறைகளையும் சொல்லிவிடுகின்றேன். நிறுவற் கோப்புகளை ஒருமுறை யாழ்ப்பாண நகரில் வேகமான இணைப்பு உள்ள இடத்திலே இறக்கிக் கொணர்ந்து கல்லூரியிற் சேமித்துவைத்தல் வேண்டும். 30 மாணவர் ஒரே பொதியை 30 முறை கைபேசி அலையிலே இறக்குவது பணத்தைக் கடலிற் கொட்டுவதாகும். மெய்நிகர்ப் பொறி முழுவதும் கோப்பு வடிவில் உள்ளமையால் அதனைச் சிறு சேமிப்புக் கருவியில் இட்டுச் சட்டைப்பையில் வைத்துப் படகேறலாம். ஆயினும் பழைய முறைப்படி வடிவமைத்த கருவிகள் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்கா. இறங்குதுறையில் நின்று இதனை அறிதல் நன்றன்று. கொண்டுவந்த படி மூலத்தோடு ஒத்ததா என்பதைச் சரிபார்ப்பு எண்ணால் உறுதிசெய்க. நிலைப்பதிவு என்னும் வசதியால் பொறியின் ஒரு கணத்து நிலையைக் குறித்துவைத்து, பிழைத்தால் அந்நிலைக்கு மீளலாம். அதனைக் காப்புப்படி என எண்ணலாகாது. மூலக்கோப்பு கெட்டால் நிலைப்பதிவும் கூடவே கெடும்.

முகிலிற் காட்டும் பொறியைப் பற்றிய விதிகள் சில. விழாவுக்கு ஒரு கிழமை முன்னே எழுப்புக. விழா முடிந்து ஒரு கிழமையில் அழிக்க. நிறுத்திவைத்தால் போதும் என்பர் சிலர். நிறுத்தியபின்னும் வட்டுக்கு வாடகை ஓடிக்கொண்டேயிருக்கும். செலவு ஒரு வரம்பை அணுகியவுடன் அறிவிக்கும் ஏற்பாட்டை முதல் நாளிலேயே செய்க. தளத்தைப் பார்ப்போர்க்கென 80, 443 ஆகிய இரண்டு படலைகளும், ஆசிரியர் உட்புகுவதற்கென 22ஆம் படலையும் போதும். மூன்றாவதையும் கடவுச்சொல்லால் அன்றித் திறவுச் சாவிக் கோப்பினாலேயே திறக்கச் செய்க. தரவுத்தளத்தின் படலையை உலகுக்குத் திறந்துவைத்தல், வீட்டு அலுமாரியைத் தெருவில் வைத்தற்கு ஒப்பாகும். மாணவரின் மெய்ப்பெயர், முகவரி, புள்ளிகள் எவையும் காட்சிப் பொறியிலே இருத்தலாகாது. தனியாள் தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 9ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் உண்டு. சட்டம் இல்லாவிடினும் பிறர் பிள்ளைகளின் விவரத்தை வெளியிடுதல் ஆசிரியர் தொழிலுக்கு அழகன்று.

வேலைக்குச் செல்லும் மாணவர்க்கு முகிலறிவே வேண்டுமென்றும், கல்லூரிக் கணினியிலே பயின்றால் பின்தங்கிவிடுவர் என்றும் ஒரு தடை கூறப்படுகின்றது. கடலில் ஓடப் பழகும் பிள்ளை முதலிற் களப்பிலே தோணி வலிக்கின்றது. லினக்ஸ் கட்டளை கல்லூரியிலும் மும்பாயிலும் ஒன்றே. இன்னொன்றும் உண்டு: முகிலிலே பொத்தானை அழுத்திப் பொறி பெறுபவன், நினைவகம் என்றால் என்ன, அது தீர்ந்தால் எது நிற்கும் என்பதைக் காண்பதில்லை. சிறு கணினியிலே ஒவ்வொரு கிகாபைற்றையும் எண்ணிப் பங்கிட்டவன் அதனைக் கண்டறிந்தவன். வாடகைப் பட்டியல் கைக்கு வரும்போது வீண்செலவு எங்கேயென அவனே சுட்டிக்காட்டுவான்.

ஆகவே சங்கத்தாரிடம் நான் கேட்பது இவ்வளவே. 64 கிகாபைற்று நினைவகம் உடைய கணினி ஒன்று. அதிலே ஓம்புவோனுக்கு வேண்டியதை ஒதுக்கியபின் 2 கிகாபைற்று வீதம் 24 மாணவர்க்குப் பொறி அமைக்கலாம். ஏற்கெனவே உள்ள பழைய கணினிகள் அதனை நாடும் திரைகளாகப் பயன்படும். அதற்குத் தாங்கு மின்கலம் ஒன்று. வெளி வட்டுகள் இரண்டு. ஒன்று கல்லூரியில், மற்றையது கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலே சங்க உறுப்பினர் ஒருவர் வீட்டில் இருத்தல் வேண்டும். தவணைதோறும் இரண்டும் இடம் மாற வேண்டும். முகிலுக்கென ஆண்டில் ஒரு திங்கள் வாடகை. எஞ்சுவதை மலர்களைப் படமெடுப்பதற்குச் செலவிடலாம்.

விடுமுறைக்கு வரும் அன்பர் எவரேனும் கணினியை அங்கிருந்தே வாங்கிவர எண்ணினால், வாங்குமுன் அதன் முறைவழியாக்கி எவ்வினத்தது என எழுதிக் கேட்பாராக. 2020ஆம் ஆண்டின் இறுதி தொடக்கம் அப்பிள் நிறுவனத்தின் புதிய கணினிகள் வேறோரினத்து முறைவழியாக்கியோடு வருகின்றன. அவை விரைவும் சிக்கனமும் உடையனவே. ஆனால் நாம் சேமித்துவைத்துள்ள பொறிக் கோப்புகள் அவற்றில் இயல்பாக ஓடமாட்டா. அழகிய வெள்ளி நிறக் கணினி ஒன்று ஏற்கெனவே அவ்வாறு வந்து, மதிப்பெண் பட்டியல் அச்சிடப் பயன்பட்டு வருகின்றது. பெட்டியின் மேலுள்ள விவரத்தைக் கைபேசியிற் படமெடுத்துச் சங்கச் செயலாளர்க்கு அனுப்பினாற் போதும். அவர் என்னிடம் காட்டுவார்.